கிள்ளான் கோல்கீப்பருக்குச் சான்று தேவை

மலேசியாவில், பிரிக்ஃபீல்ட்ஸ் என்கிற தமிழர் பேட்டையில் என்னை முதலில் வரவேற்றது ஒரு டம்ளர் காபி. கலக்காமலே கொண்டுவந்து வைத்தார்கள். மேலே கறுப்பாகக் காபி, அடியில் இரண்டு விரற்கடைக்குக் கன்டென்ஸ்டு மில்க். கோயம்புத்தூரில் மருந்துக் கடை வைத்து நாள் முழுக்க சர்க்கரை மாத்திரை விற்கிறவன் நான். மேலாகக் குடித்துப் பார்த்தேன், கசந்தது. கலக்கிக் குடித்தேன், பாயசம். "சக்கரை இல்லாம ஒண்ணு கிடைக்குங்களா?" என்று கடைக்காரரைக் கேட்டேன்.

"நான் எங்க அண்ணே சீனி போட்டேன்? அது பாலோட சீனி லா," என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். அந்த நியாயத்தோடு சேர்த்து மிச்சத்தையும் குடித்து முடித்தேன்.

நான் மலேசியாவுக்குப் போனது சண்டை போடுவதற்காக. பதற வேண்டாம், நாகரிகமான சண்டைதான். இணையத்தில் தமிழில் ஒரு கலைக்களஞ்சியம் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் எழுதியதையும் யாரும் திருத்தலாம், யாருக்கும் சம்பளம் கிடையாது. கடையில் கூட்டம் இல்லாத மத்தியான வேளைகளில் நான் அதில் எழுதிக்கொண்டிருக்கிறேன். என்னைப் போன்ற கிறுக்குகள் இலங்கையிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் வெட்டுவதும், ஏன் வெட்டினாய் என்று பக்கம் பக்கமாகப் பேசுவதுமாக எங்கள் பொழுது போகும். முகம் தெரியாமல் வருடக்கணக்காக முட்டிக்கொண்டவர்கள் ஒரே மண்டபத்தில் உட்கார்ந்து மூன்று நாள் எழுதுவது என்று ஏற்பாடு. என் மனைவி பெட்டி கட்டும்போது, "வீட்லயே உட்கார்ந்து சண்டை போட முடியாதா?" என்று மட்டும் கேட்டாள்.

கலைக்களஞ்சியத்தில் எல்லோருக்கும் புனைபெயர். என் பெயர் 'குறிச்சி'. மலேசியாவின் துறைமுக ஊரான கிள்ளானைப் பற்றி எது எழுதினாலும் என்னோடு சேர்ந்து எழுதுகிறவரின் பெயர் 'துறைமுகம்'. அவரைப் பற்றி எனக்குள் ஒரு படம் இருந்தது. நரைத்த மீசை, சுங்க இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கோபக்காரர். அதனால் 'நண்பரே' என்று போட்டுத்தான் எப்போதும் தொடங்குவேன்.

மண்டபத்துப் படிக்கட்டில் ஒரு பெண்மணி ஒரு கையில் வடைப் பொட்டலமும் இன்னொரு கையில் போனுமாக நின்று, யாரோ ஒரு லோரி டிரைவரை மலாயில் விரட்டிக்கொண்டிருந்தார். என் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்ததும் போனை இறக்கினார்.

"குறிச்சி அண்ணனா? நான்தான் உங்க நண்பரே."

அவர் பெயர் ரீட்டா. நாற்பத்தைந்து வயது இருக்கலாம். கிள்ளான் துறைமுகத்தில் ஒரு லோரிக் கம்பெனியில், எந்த லோரி எந்தக் கன்டெய்னர் பெட்டியை எடுத்துக்கொண்டு எங்கே போக வேண்டும் என்று ஏற்பாடு செய்கிற வேலை. மீசையைப் பற்றிச் சொன்னேன். மண்டபமே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தார்.

நானும் ரீட்டாவும் சேர்ந்து செய்த கட்டுரைகளில் எங்களுக்குப் பிடித்தது ஒன்று உண்டு. கிள்ளானுக்குப் பக்கத்தில் இருந்த ஹார்ட்டன் தோட்டத்துக் கால்பந்து அணியைப் பற்றியது. ரப்பர் வெட்டியவர்கள் சேர்ந்து உண்டாக்கிய அணி, தோட்டங்களுக்கு இடையே நடந்த போட்டியில் கோப்பை வாங்கிய அணி. இன்றைக்குத் தோட்டம் இருந்த இடத்தில் வீடுகளும் ஒரு பெரிய கடைக் கட்டடமும் நிற்கின்றன. ரீட்டா நூலகத்தில் பழைய நாளிதழ்களைத் தேடிப் படம் எடுத்து அனுப்புவார், நான் எழுதுவேன். அடுத்த வாரம் அது கலைக்களஞ்சியத்தின் முதற்பக்கத்தில் வருவதாக இருந்தது. எங்கள் உலகத்தில் அது மாப்பிள்ளை ஊர்வலத்துக்குச் சமம்.

அதில் ஒரு வரி ரீட்டாவின் அப்பாவைப் பற்றியது. இறுதி ஆட்டத்தில் கோல்கீப்பர் அந்தோணிசாமி ஒற்றைக் கையில் கட்டுடன் நின்று மூன்று தண்ட உதைகளைத் தடுத்தார் என்கிற வரி. ரீட்டா அதை எழுதவில்லை. சொந்தக்காரர்களைப் பற்றி எழுதக் கூடாது என்பது எங்களுக்குள் கண்டிப்பான வழக்கம். பெயர் சொல்லாத யாரோ ஒருவர் எப்போதோ பேச்சுத் தமிழில் சேர்த்துவிட்டுப் போயிருந்தார். நான் அதைச் சீர்ப்படுத்தி, பெனால்டியைத் தண்ட உதையாக்கி, பக்கத்தில் 'சான்று தேவை' என்று ஒரு அடைப்புக்குறியும் போட்டு வைத்தேன். அச்சில் வந்த ஆதாரம் ஒன்று வேண்டும் என்று அதற்கு அர்த்தம். அது கிடைக்கும்வரை அந்தக் குறி வரியின் முதுகில் தொங்கிக்கொண்டே இருக்கும்.

பிறகு ஒருநாள் ரீட்டா சந்தோஷமாக எழுதினார். பழைய தோட்டத்து மக்கள் ஒன்றுகூடல் நடத்தி நினைவு மலர் போட்டிருக்கிறார்கள், அதில் அப்பா விஷயம் வந்திருக்கிறது என்று. நானும் சந்தோஷமாகக் குறியை எடுத்துவிட்டு மலரின் பெயரைச் சான்றாகப் போட்டேன். வேலை முடிந்தது என்று நினைத்தோம்.

மண்டபத்தில் கட்டுரையைக் கடைசியாகச் சரிபார்த்தவர் யாழ்ப்பாணத்து யோகன். மெல்லிய மனிதர், மெல்லிய குரல், ஆனால் அவர் கண்ணில் ஒரு புள்ளி தப்பாது.

"எல்லாம் நல்லாயிருக்கு அண்ணை. அந்த மலரின்ர பக்கத்தை மட்டும் ஒருக்கா படமெடுத்துக் காட்டுங்கோ. ஒருத்தரும் அதைப் பார்க்கேல்லை."

உண்மைதான். நான் பார்த்ததில்லை. ரீட்டாவும் யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய மங்கலான படத்தைத்தான் பார்த்திருந்தார். மலரைத் தொகுத்தவர் கிள்ளானில் அச்சகம் வைத்திருக்கிறார், நாளைக்கே போய்விடலாம் என்றார் ரீட்டா. அவர் அன்று மாலையே வீட்டுக்குப் போக வேண்டியிருந்ததால், நான் காலையில் ரயிலில் வருவது என்று முடிவாயிற்று.

அன்றைக்கு மத்தியானம் வாழையிலைச் சாப்பாடு. பாகற்காயை வறுவலாக மொறுமொறுவென்று பொரித்துக் குவிக்கிறார்கள். மோர்மிளகாய் கேட்காமலே வருகிறது. போதும் என்று இலைமேல் கையை விரித்தால், கையை நகர்த்திவிட்டுச் சோற்றை வைக்கிறார்கள். கோயம்புத்தூரில் இரண்டாம் தடவை சோறு கேட்டால் ஒரு பார்வை பார்ப்பார்களே, அந்தப் பார்வையை இங்கே ஒருவரும் பழகவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு என் பங்குக்கு ஒரு கட்டுரையைத் திறந்துவைத்துக்கொண்டு நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் ரயில். பெட்டி ஏறக்குறைய காலியாக இருந்தது, குளிர்ச்சியாக இருந்தது. நம்ம ஊரில் இப்படி ஒரு காலி ரயில் வந்தால் ஏதோ விபரீதம் என்று புரிந்துகொள்வோம். இங்கே எனக்கு அந்தப் புத்தி வேலை செய்யவில்லை. சன்னல் ஓரமாக உட்கார்ந்து காலை நீட்டினேன். எதிரே இருந்த மலாய் அம்மா ஒருவர் என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். நான் தலையாட்டிப் புன்னகைத்தேன். அவர் பக்கத்தில் இருந்த தமிழ்ப் பெண்ணிடம் ஏதோ கேட்டார். அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு எனக்கு மொழிபெயர்த்தது.

"தாத்தா கண்ணாடிய வீட்டுல மறந்துட்டாரான்னு கேக்குறாங்க அங்கிள். இது லேடீஸ் கோச்."

அப்போதுதான் சுற்றிலும் ஒட்டியிருந்த இளஞ்சிவப்பு அட்டைகளைப் பார்த்தேன். பெண்கள் பெட்டியில் ஏறியது கூட உறைக்கவில்லை, தாத்தா என்றதுதான் உறைத்தது. அடுத்த நிலையத்தில் இறங்கி வேறு பெட்டிக்கு ஓடுவதற்குள் கதவு மூடிக்கொண்டது. அடுத்த ரயில் வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. அங்கே மழை தூறலோடெல்லாம் ஆரம்பிப்பதில்லை. வாளியைக் கவிழ்க்கிறார்கள்.

கிள்ளான் நிலையத்தில் ரீட்டா காரோடு காத்திருந்தார். நடந்ததைச் சொன்னேன். "அலாமா, எங்க ஊரு லேடீஸ பயமுறுத்திட்டீங்களே அண்ணே," என்று வழியெல்லாம் ஓட்டிக்கொண்டே வந்தார். புடவைக் கடைகளும் பூக்கடைகளும் நெருக்கியடித்த தெருவில் நிறுத்தி, மீன்தலைக் கறி வாங்கிக் கொடுத்தார். மீன் என்னைப் பார்க்காதபடி தட்டைத் திருப்பி வைத்துக்கொண்டு சாப்பிட்டேன். கறி பிரமாதம்.

சாப்பிடும்போது ரீட்டா ஒரு விஷயம் சொன்னார். கட்டுரை முதற்பக்கத்தில் வரப்போவதை அப்பாவிடம் சொல்லி, அதை வாசித்தும் காட்டிவிட்டாராம். "அவரு சர்ச்சுல எல்லாருக்கும் போன் போட்டுட்டாரு. அம்மா போனதுக்கப்புறம் அவரு இவ்ளோ பேசி நான் பாத்ததே இல்லண்ணே. கர்த்தரே, காலையிலயும் அந்த கோல் பேச்சு, ராத்திரியும் அதே பேச்சு." கர்த்தரையும் கோலையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, முள்ளை ஓரமாக வைத்தார்.

அச்சகம் ஒரு கடைவீட்டின் கீழ்த்தளத்தில் இருந்தது. கல்யாணப் பத்திரிகைகளும் கோயில் திருவிழா நோட்டீசுகளும் கட்டுக்கட்டாக அடுக்கியிருந்தன. மலரைத் தொகுத்த சேகர் வாய் நிறையப் பேசுகிறவர். வந்தவர்களுக்குத் தேநீர் வராமல் பேச்சைத் தொடங்கமாட்டார். மலரைக் கொண்டுவந்து துடைத்து என் கையில் கொடுத்தார். வழவழப்பான தாள், நல்ல அச்சு. பக்கத்தைப் புரட்டினேன். அந்தோணிசாமி இருந்தார். ஒற்றைக் கையில் கட்டு இருந்தது. மூன்று தண்ட உதைகள் இருந்தன.

படம் எடுத்தேன். அதோடு போயிருக்க வேண்டியவன்தான். வாய் சும்மா இருக்கவில்லை.

"இந்த விஷயத்தை உங்களுக்கு யாருங்க சொன்னாங்க?"

"யாரு சொல்லணும்? உங்க கலைக்களஞ்சியத்துலதான் இருக்கே!" சேகர் முகம் மலர்ந்தது. "அப்படியே எடுத்துப் போட்டேன் பாஸ். நல்ல தமிழ் லா. கை வெக்க மனசே வரல."

ரீட்டா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

வெளியாளுக்கு இதில் என்ன இடி விழுந்தது என்று தோன்றலாம். நாங்கள் எழுதினோம். அதைப் பார்த்து அவர் மலரில் போட்டார். மலரில் வந்திருக்கிறதே என்று அதை நாங்கள் சான்றாகக் காட்டினோம். எங்கள் வரிக்கு எங்கள் வரியே சாட்சி. எங்கள் கூட்டத்தில் புதிதாக வருகிறவர்களுக்கு இப்படிச் செய்துவிடாதீர்கள் என்று முதல் நாளே சொல்லிக் கொடுப்போம். சொல்லிக் கொடுக்கிறவனே நான்தான். எது முதலில் வந்தது என்று ஒரு நிமிஷம் பார்த்திருந்தால் போதும். நல்ல செய்தி வந்த வேகத்தில் பார்க்கவில்லை.

காரில் ரீட்டா, லோரி டிரைவர்கள் கூப்பிட்டும் போனை எடுக்கவில்லை. நான் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். சேகருக்கு இது ஒரு விஷயமே இல்லை. இது தெரிந்தவர்களில் மிச்சம் நாங்கள் இரண்டு பேர். பக்கத்தின் படம் யோகன் கேட்டபடி கையில் இருக்கிறது. பேசாமல் இருந்துவிட்டால் அடுத்த வாரம் ஒரு பெரியவர் சந்தோஷப்படுவார், உலகத்துக்கு ஒரு நஷ்டமும் இல்லை. இப்படியெல்லாம் நினைத்தேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் நினைத்தேன்.

"அப்பாவையே கேப்போம்," என்றார் ரீட்டா. "அவரு சொல்றத சான்றா எடுத்துக்க மாட்டோம்னு தெரியும். அது நடந்துச்சான்னு எனக்காவது தெரியட்டும்."

வரிசை வீடுகளில் ஒன்று அவர்களுடையது. வாசலில் செருப்பு அடுக்கும் அலமாரி, கூடத்தில் திரு இருதய ஆண்டவர் படம், அதற்குக் கீழே சத்தம் குறைக்கப்பட்ட தொலைக்காட்சியில் எங்கோ நடக்கிற கால்பந்து. அந்தோணிசாமி ஐயா உயரமானவர். உட்கார்ந்திருந்தும் உயரமாகத் தெரிந்தார். என் கையைப் பிடித்துக் குலுக்கியபோது, கோல்கீப்பர் கை என்பது பொய்யில்லை என்று தெரிந்தது.

"இந்தியாவுலேருந்து நம்ம டீமப் பாக்க வந்திருக்கீங்களா தம்பி! உக்காருங்க, உக்காருங்க."

நான் கேட்கவே தேவையிருக்கவில்லை. அவரே ஆரம்பித்தார். ஆட்டத்துக்கு ரப்பர்ப் பால் ஏற்றுகிற லோரியில் போனதை, அதன் வாடை சட்டையில் ஏறிக்கொண்டதை, திடல் பூராவும் சேறாக இருந்ததை, எதிர்த் தோட்டத்து சென்டர் பார்வர்டு ஒருத்தன் வெத்தலை போட்டுக்கொண்டே ஓடியதைச் சொன்னார். "வர்றான் பாருங்க, காத்து மாதிரி வர்றான். நான் காலப் போட்டு அமுக்கிட்டேன், பந்து அங்க போவுது!" அவர் கால் நாற்காலிக்கு அடியில் நிஜமாகவே நகர்ந்தது. எனக்கு நம்பிக்கை வந்தது. இவ்வளவு பார்த்தவர் மிச்சத்தையும் பார்த்துத்தான் இருப்பார் என்று நினைத்தேன். ரீட்டாவும் சற்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்புறம்," என்றார் ஐயா. குரல் மாறியது. பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று ஒப்பிக்கிற பையனின் குரலாக ஆயிற்று. "ஒற்றைக் கையில் கட்டுடன் நின்று மூன்று தண்ட உதைகளைத் தடுத்தேன்."

தண்ட உதை! கிள்ளானில் மட்டுமில்லை, கோயம்புத்தூரிலும் வாய் திறந்து அந்தச் சொல்லை யாரும் சொல்வதில்லை. அது திடலில் பிறந்த சொல்லே இல்லை. ஏதோ ஒரு மத்தியானம், இருமல் மருந்து அலமாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கலைச்சொல் பட்டியலில் தேடி நான் போட்ட சொல். சேற்றையும் ரப்பர்ப் பால் வாடையையும் அவர் தன் தமிழில் சொன்னார். இதை மட்டும் என் தமிழில் சொன்னார். என் வாக்கியத்தை ஒருவர் தன் வாழ்க்கை என்று என்னிடமே சொல்வதைக் கேட்கிற கொடுமை யாருக்கும் வரக் கூடாது.

ரீட்டா என்னைப் பார்த்தார். அவருக்கும் கேட்டுவிட்டது.

"பிஸ்கட் எடுத்துட்டு வரேன்பா," என்று எழுந்து சமையல்கட்டுக்குப் போனார். கொஞ்சம் பொறுத்து நானும் தண்ணீர் கேட்கிற சாக்கில் போனேன். டப்பாவைத் திறக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"எடுத்துடுங்கண்ணே."

"ஊருக்குப் போய்ப் பாத்துக்கலாங்க. மெதுவா…"

"ஊருக்குப் போயி செஞ்சீங்கன்னா எனக்கு உங்க மேல கோவம்தான் வரும். இங்க, என் முன்னாடி எடுங்க. எனக்கு எடுக்க முடியாது, அவரு என் அப்பா. வேற யாராவது கண்டுபிடிச்சு எடுத்தா இன்னும் அசிங்கம் லா."

"அவருக்கு நெசமாவே நடந்திருந்தா?"

"நடந்திருந்தா சந்தோஷம். ஆனா நமக்குத் தெரியலயே." டப்பாவை மேடைமேல் வைத்தார். "நான் மத்தவங்க எழுதினத எத்தன வரி வெட்டியிருக்கேன், சான்று இல்ல சான்று இல்லன்னு. அவங்களுக்கெல்லாம் அப்பா இல்லையா?"

போனை எடுத்தேன். வரியைத் தேர்ந்து அழித்தேன். எதையாவது நீக்கினால் காரணம் எழுத வேண்டும், அது வழக்கம். 'சான்றாகக் காட்டிய மலர் இக்கட்டுரையிலிருந்தே எடுத்தது' என்று எழுதினேன். ரீட்டா தோளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நாளிதழில் வந்த அணிப் படத்தின் கீழே, பின்வரிசையில் நிற்பவர்களின் பெயர்களில் அந்தோணிசாமி இன்னமும் இருந்தார். இனி கட்டுரையில் அவர் இருக்கிற இடம் அது ஒன்றுதான். கூடத்திலிருந்து ஐயா, "தம்பிக்கு தே ஆறிடப் போவுது புள்ள!" என்று கூப்பிட்டார். போய் உட்கார்ந்து, ஆறிய தேநீரைக் குடித்தேன். அவர் முகத்தைப் பார்த்துப் பேச என்னால் முடியவில்லை. தொலைக்காட்சியைப் பார்த்துப் பேசினேன்.

மூன்றாம் நாள் மண்டபத்தில் யோகனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கஷ்டம்தான் அண்ணை. எண்டாலும் கட்டுரை இப்ப தன்ர காலில நிக்குது," என்றார். அடுத்த வாரம் முதற்பக்கத்துக்கு அனுப்பிவிட்டார். எனக்கு அதில் ஒரு சந்தோஷமும் இல்லை. மாலையில் விமானம். பெட்டியைக்கூட மண்டபத்துக்கே எடுத்து வந்திருந்தேன். ரீட்டா வரமாட்டார் என்றே நினைத்தேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு இலை போட்டபோது வந்தார். எனக்குப் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கண்கள் கொஞ்சம் வீங்கியிருந்தன.

"அப்பாகிட்ட சொல்லிட்டேன்," என்றார். "அடுத்த வாரம் வரும், ஆனா அந்த வரி இருக்காது, சான்று இல்லன்னு எடுத்துட்டோம்னு சொன்னேன்."

"என்னங்க சொன்னாரு? ரொம்ப வருத்தப்பட்டாருங்களா?"

"டிவிய அணைச்சுட்டாரு. எனக்கு பயமாயிடுச்சு. அப்புறம் ரெண்டு கையையும் முன்னால நீட்டி, திருப்பித் திருப்பிப் பாத்தாரு." ரீட்டா தன் கைகளை இலைக்கு மேலே நீட்டிக் காட்டினார். பரிமாற வந்தவர் சோற்றுத் தட்டோடு அப்படியே நின்றார்.

"'நல்லதாப் போச்சு புள்ள'ன்னாரு. 'கட்டு எந்தக் கையில இருந்துச்சுன்னு நானும் யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன், வரவே மாட்டேங்குது. சரி, நீங்க எழுதினதுல பாத்துக்கலாம்னா, அதுலயும் போடல'ன்னாரு."